நார்ஃபோக் முதல் மயாமி வரை: அட்லாண்டிக் கரையோர நீர்வழியில் முதன்முறை படகோட்டுவோருக்கு

அமெரிக்காவின் கிழக்குக் கரையில், பெருநிலத்துக்கும் வெளிக்கடலுக்கும் நடுவே, காயல்களையும் ஆறுகளையும் கழிகளையும் வெட்டுக் கால்வாய்களால் இணைத்து அமைத்த நீர்வழி ஒன்று உண்டு. வர்ஜீனியா மாநிலத்தின் நார்ஃபோக் நகரை ஒட்டிய எலிசபெத் ஆற்றில், 36 என்னும் எண்ணிட்ட சிவப்பு மிதவை அருகே இதன் சுழி (0) மைல் தொடங்குகிறது. இரு கரோலினாக்களையும் ஜார்ஜியாவையும் கடந்து, ஏறத்தாழ 1,090ஆவது மைலில் மயாமியை அடைகிறது. இங்கே மைல் என்பது நில மைல் என்பதை முதலிலேயே மனத்தில் கொள்ள வேண்டும். ஒரு கடல் மைல் 1.15 நில மைலுக்குச் சமம் என்பதால், படகின் வேகமானியை கடல் மைலிலும் வரைபடத்தை நில மைலிலும் படிப்பவரின் நேரக் கணக்கு பிழைத்து, சேர வேண்டிய இடத்துக்கு நினைத்ததற்கு முன்பே சேர்ந்துவிடுவார். சென்னையிலோ மரக்காணத்திலோ பக்கிங்காம் கால்வாயைப் பார்த்தவர்களுக்கு இதன் அமைப்பு எளிதில் விளங்கும். அது பெரும்பகுதி தூர்ந்துவிட்டது, இதையோ ராணுவப் பொறியாளர் படை இன்றும் தூர்வாரிப் பராமரித்து வருகிறது.

வெளிக்கடலில் செல்வோர் காற்றுக்கும் அலைக்கும் அஞ்சுவார்கள். இந்த நீர்வழியில் அஞ்ச வேண்டியது ஆழக்குறைவுக்கு. அதைவிடவும், ஓரிடத்தைத் தவறான நேரத்தில் அடைவதற்கு. கடல்நீர் ஏறி இறங்கும் ஓதம், நீரோட்டம், பாலம் திறக்கும் வேளை, பகல் வெளிச்சம் ஆகிய நான்கையும் ஒரே தாளில் எழுதி வைத்துக்கொண்டு ஒவ்வொரு நாளையும் திட்டமிடுபவருக்கு இது இனிய பயணம். கீழே சொல்லியிருப்பவை அனைத்தும் அந்தத் தாளை நிரப்புவதற்கான குறிப்புகளே.

படகின் இரண்டு அளவுகள்

படகு நீருக்குள் எத்தனை அடி அமிழ்கிறது, நீர்மட்டத்துக்கு மேல் எத்தனை அடி உயர்கிறது என்னும் இரண்டு அளவுகளும் உறுதியாகத் தெரிந்த பிறகே மற்ற ஏற்பாடுகளில் இறங்க வேண்டும். சட்டப்படி இந்த வழித்தடம் நார்ஃபோக்கிலிருந்து ஃபோர்ட் பியர்ஸ் வரை 12 அடியும் அங்கிருந்து மயாமி வரை 10 அடியும் ஆழம் கொண்டிருக்க வேண்டும். நடைமுறையில் தூர்வாரும் பணம் எப்போதும் போதுமானதாக இருப்பதில்லை. முகத்துவாரங்களை ஒட்டியும் ஜார்ஜியாவின் சேற்றுக் கழிகளிலும் ஓதம் இறங்கும் வற்றத்தின்போது ஆறு, ஏழு அடி மட்டுமே நிற்கும் இடங்கள் உள்ளன. ஐந்து அடிக்குள் அமிழும் படகு பெரும்பாலும் கவலையின்றிப் போகலாம். ஆறு அடி அமிழ்வது ஏற்றத்தைக் கணக்கிட்டே போக வேண்டும். அதற்கும் மேற்பட்ட பாய்மரப் படகுகள் சில பகுதிகளை விட்டுவிட்டு வெளிக்கடலில் செல்வதே நல்லது.

உயரத்தைப் பொறுத்தவரை, நிலையான பாலங்கள் உயர் ஓதத்தின்போது 65 அடி இடைவெளி தரும்படி கட்டப்பட்டவை. இதற்கு இரண்டு விலக்குகளை மறக்கக் கூடாது: வட கரோலினாவில் மைல் 126 அருகே உள்ள வில்கர்சன் பாலம் 64 அடியே தருகிறது, மயாமியில் உள்ள ஜூலியா டட்டில் பாலம் 56 அடியோடு நின்றுவிடுகிறது. படகுத் தயாரிப்பாளரின் கையேட்டில் உள்ள உயரத்தை நம்பிப் பாலத்தின் அடியில் நுழைய வேண்டாம். பாய்மர உச்சியில் உள்ள விளக்கு, காற்றுமானி, வானொலிக் கம்பி ஆகியவை பெரும்பாலும் அந்தக் கணக்கில் வருவதில்லை. உச்சிக்கு ஒரு கயிற்றை ஏற்றி நீர்மட்டம் வரை தாமே அளந்து பார்ப்பதே உறுதியானது. பாலத் தூண்களை ஒட்டி நட்டுள்ள அளவுப் பலகை அந்த நொடியில் உள்ள உண்மையான இடைவெளியைக் காட்டும். அலிகேட்டர் ஆறு, பங்கோ ஆறு போன்ற இடங்களில் நிலவின் ஓதம் ஏறக்குறைய இல்லை, காற்றுதான் நீரை ஏற்றி இறக்குகிறது. ஆகவே அங்கே இடைவெளி போதாவிட்டால் ஆறு மணி நேரம் காத்திருப்பதால் பயனில்லை, காற்றுத் திசை மாறும் வரை காத்திருக்க வேண்டும். பெருமழைக்குப் பின் தென் கரோலினாவின் வக்கமா ஆறு பெருகும்போதும் இதே நிலைதான், அங்கே நாட்கணக்கில் நீர் வடியாது.

எப்போது கிளம்புவது

அட்லாண்டிக் புயல் காலம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை. குறிப்பிட்ட ஒரு அட்சரேகைக்குத் தெற்கே எந்தத் தேதிக்கு முன் செல்லக் கூடாது என்று பல காப்பீட்டு ஒப்பந்தங்கள் வரையறுப்பதால், ஒப்பந்தத்தைப் படித்த பிறகே தேதி குறிக்க வேண்டும். பெரும்பாலோர் அக்டோபர் நடுவில் நார்ஃபோக்கில் கூடி, நவம்பர் முழுவதும் தெற்கு நோக்கி நகர்கிறார்கள். ஏப்ரல், மே மாதங்களில் திரும்புகிறார்கள். அதிகம் தாமதித்தால் வட கரோலினாவில் குளிர்காற்று எலும்பைத் துளைக்கும்.

மணிக்கு ஆறு கடல் மைல் வேகத்தில் செல்லும் படகுக்கு ஒரு நாளில் 45 அல்லது 50 நில மைல் என்பது நியாயமான கணக்கு. அந்தக் கணக்கில் மயாமிக்கு ஏறத்தாழ 22 முதல் 24 ஓட்ட நாட்கள் ஆகும். காற்றுக்கும் மழைக்கும் பழுதுக்கும் இடம் விட்டால் ஐந்தாறு வாரங்கள் வேண்டும். இரவில் ஓட்டுவதைப் பற்றி நினைக்கவே வேண்டாம். தடத்தைக் காட்டும் பல குறிகளில் விளக்கு கிடையாது, நண்டுக் கூடுகளின் மிதவைகள் கண்ணுக்குத் தெரியா. நவம்பர் முதல் ஞாயிறன்று கடிகாரங்களை ஒரு மணி நேரம் பின்னுக்குத் திருப்புவதால், மாலை ஐந்து மணி சுமாருக்கே பொழுது சாய்ந்துவிடும்; ஆகவே மூன்று மணிக்குள் தங்குமிடத்தை நெருங்கிவிடும்படி திட்டமிட வேண்டும். சட்ட விஷயமும் ஒன்று உண்டு: 1988 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள் புளோரிடாவில் பத்து குதிரைத்திறனுக்குக் குறையாத இன்ஜின் கொண்ட படகை ஓட்டப் படகுப் பாதுகாப்புக் கல்விச் சான்று வைத்திருக்க வேண்டும். மற்ற மாநிலங்களுக்கும் தனித்தனி விதிகள் உள்ளன; இணையவழிப் பாடம் ஒன்றை முடித்துவிட்டே கிளம்புவது சிரமத்தைக் குறைக்கும்.

வரைபடமும் குறிகளும்

கடல், வளிமண்டல நிர்வாகமான நோவா, பாரம்பரியக் காகித வரைபடங்களை 2024ஆம் ஆண்டின் இறுதிவாக்கில் நிறுத்திவிட்டது. இப்போது மின்னணு வரைபடங்களே ஆதாரம். அவற்றில் இந்த நீர்வழியைக் காட்ட ஓடும் கருஞ்சிவப்புக் கோடு திசையைச் சொல்லுமே தவிர ஆழமான பாதையைச் சொல்லாது. அந்தக் கோட்டின் மேலேயே தானியங்கிச் சுக்கானை விட்டவர்கள் தரைதட்டியிருக்கிறார்கள். மணல் நகர்ந்துகொண்டே இருக்கும் இடங்களுக்கு ராணுவப் பொறியாளர் படை எடுக்கும் ஆழ அளவீடுகளே அண்மையானவை. அக்வா மேப் போன்ற செயலிகள் அந்த அளவீடுகளை வரைபடத்தின் மேல் வண்ணத்தில் காட்டுகின்றன. கடலோரக் காவல்படை வெளியிடும் உள்ளூர் அறிவிப்புகளில், இடம் மாறிய மிதவைகளும் மூடப்பட்ட பாலங்களும் இருக்கும்.

தெற்கு நோக்கிச் செல்லும்போது சிவப்பு முக்கோணக் குறிகள் வலப்புறமும் பச்சைச் சதுரக் குறிகள் இடப்புறமும் வர வேண்டும். அதாவது சிவப்பு பெருநிலத்தின் பக்கம், பச்சை கடலின் பக்கம். புதியவர்களைக் குழப்புவது இதற்கு அடுத்தது. நீர்வழி ஓர் ஆற்றோடோ கப்பல் தடத்தோடோ சேரும் இடத்தில், கடலிலிருந்து உள்ளே வரும் கப்பலுக்கான நிறங்களே மேலோங்கும். அப்போது நிறங்கள் நமக்குத் தலைகீழாகிவிடும். கேப் ஃபியர் ஆற்றில் தெற்கே சவுத்போர்ட் நோக்கி இறங்கும்போது நாம் கடலை நோக்கிச் செல்வதால் சிவப்பு இடப்புறம் வரும். இத்தகைய இடங்களில் குறியின் மேல் ஒட்டியுள்ள சிறிய மஞ்சள் உருவத்தைப் பார்க்க வேண்டும்: மஞ்சள் முக்கோணம் எந்த நிறக் குறியின் மேல் இருந்தாலும் தெற்கே செல்பவருக்கு வலப்புறம், மஞ்சள் சதுரம் இடப்புறம். தொலைநோக்கி இல்லாமல் இதைப் படிக்க முடியாது. ஒரு குறியைக் கடந்ததும் அடுத்த குறியைக் கண்ணால் தேடிப் பிடித்த பிறகே வேகத்தைக் கூட்ட வேண்டும். பின்னாலும் ஒருமுறை திரும்பிப் பார்ப்பது நல்லது. குறுக்கு நீரோட்டம் படகைத் தடத்திலிருந்து பக்கவாட்டில் தள்ளுவது முன்னால் உள்ள குறியை மட்டும் பார்ப்பவருக்குத் தெரிவதில்லை.

பாலங்களும் வானொலியும்

திறக்கும் பாலங்களில் சில கேட்டவுடன் திறக்கும்; சில மணிக்கு ஒருமுறையோ அரை மணிக்கு ஒருமுறையோ மட்டும் திறக்கும்; நகரங்களை ஒட்டியவை அலுவலக நேரங்களில் திறக்கவே மாட்டா. வர்ஜீனியாவிலும் வட கரோலினாவிலும் பாலத்தை இயக்குபவரை வி.எச்.எஃப். வானொலியின் 13ஆம் அலைவரிசையிலும், தென் கரோலினா தொடங்கி புளோரிடா வரை 9ஆம் அலைவரிசையிலும் அழைக்க வேண்டும். ஆபத்துக்கும் பொது அழைப்புக்கும் 16. பாலத்தின் பெயர், படகின் பெயர், எந்தத் திசையில் செல்கிறோம் என்னும் மூன்றையும் சொல்லி, திறப்பு வேண்டும் என்று கேட்டால் போதும். திறந்த பிறகு விரைந்து கடப்பதும், கடந்ததும் நன்றி சொல்வதும் இங்கே உள்ள வழக்கம்.

பாலத்தின் முன் காத்திருப்பதுதான் திறமையைக் கேட்கிறது. பின்னாலிருந்து நீரோட்டம் தள்ளும்போது படகு தானே பாலத்தை நோக்கி நகரும். ஆகவே நீரோட்டத்தை எதிர்கொள்ளும்படி படகைத் திருப்பி நிறுத்தி, போதிய தொலைவில் காத்திருக்க வேண்டும். நீரோட்டத்தோடு வருகிற படகுக்கு எதிரே வருபவர் வழிவிடுவது மரியாதை, ஏனெனில் அதனால் நிற்க முடியாது. வட கரோலினாவின் ஃபிகர் எய்ட் தீவுப் பாலத்துக்கும் ரைட்ஸ்வில் பீச் பாலத்துக்கும் நடுவே ஐந்து மைலே உள்ளது. முன்னது அரை மணிக்கு ஒருமுறையும் பின்னது மணிக்கு ஒருமுறையும் திறப்பதால், மெதுவாகச் செல்லும் படகு எந்தத் திறப்பைப் பிடிப்பது என்பதை முந்தின இரவே கணக்கிட்டு வைக்க வேண்டும்.

ஒரு படகை மற்றொன்று முந்தும் முறையையும் இங்கேயே சொல்லிவிடலாம். பின்னால் வரும் வேகப்படகு வானொலியில் அழைத்து, எந்தப் பக்கம் மெதுவாகக் கடக்கப் போகிறது என்று கேட்கும். அப்போது முன்னால் செல்பவர் தம் வேகத்தைக் குறைத்து ஏறக்குறைய நின்றுவிட வேண்டும். அவர் ஆறு கடல் மைலிலேயே தொடர்ந்தால், கடப்பவர் எட்டு, ஒன்பதில் செல்ல நேரிடும். பெரும்பாலான இன்ஜின் படகுகள் மிகப் பெரிய அலையை எழுப்புவது அந்த வேகத்தில்தான். முன்னவர் குறைத்தால் பின்னவரும் குறைத்து, அலையின்றிக் கடப்பார். அலை எழுப்பியதாக வானொலியில் ஒருவரையொருவர் திட்டிக்கொள்பவர்களில் பாதிப் பேர் இதை அறியாதவர்கள்.

ஓதமும் மணல்திட்டும்

இந்தப் பயணத்தின் உயிர்நாடி இதுதான் என்பதால் சற்று விரிவாகவே பார்க்க வேண்டும். ஓதத்தின் உயரம் இந்தக் கரையில் இடத்துக்கு இடம் பெரிதும் மாறுகிறது. நார்ஃபோக்கில் மூன்று அடிக்குள். ஆல்பமார்ல், பாம்லிகோ காயல்களில் ஏறத்தாழ ஒன்றுமில்லை. சார்ல்ஸ்டனில் ஐந்து அடிக்கு மேல். ஜார்ஜியாவில் ஏழு முதல் ஒன்பது அடி. மயாமியில் மறுபடி இரண்டு அடி சுமார். கரை உள்வாங்கி வளைந்திருப்பதாலும் கண்டத்திட்டு அகலமாக இருப்பதாலும், கடலின் எழுச்சி ஜார்ஜியாவின் முன்னே வந்து குவிகிறது. ஒன்பது அடி நீர் ஆறு மணி நேரத்தில் உள்ளே வந்து, அடுத்த ஆறு மணி நேரத்தில் வெளியே போக வேண்டுமென்றால், அங்கே நீரோட்டம் எத்தகையதாக இருக்கும் என்று ஊகித்துக்கொள்ளலாம்.

மணல்திட்டுகள் இரண்டு விதமான இடங்களில் உருவாகின்றன. நீர்வழி ஒரு முகத்துவாரத்தைக் குறுக்காகக் கடக்கும் இடத்தில், ஏற்றத்தோடு உள்ளே வரும் மணல் தடத்திலேயே படிகிறது. வட கரோலினாவில் மைல் 321 அருகே உள்ள லாக்வுட்ஸ் ஃபாலி, அதை அடுத்த ஷலோட், புளோரிடாவில் மைல் 792 அருகே உள்ள மட்டான்சாஸ் ஆகியவை இவ்வகை. இங்கே தடம் ஒவ்வொரு புயலுக்குப் பின்னும் இடம் மாறும். தற்காலிக மிதவைகள் வரைபடத்தோடு முரண்பட்டால் மிதவைகளையே நம்ப வேண்டும். இரண்டாவது வகை, இரு முகத்துவாரங்களிலிருந்து வரும் நீரோட்டங்கள் ஒன்றையொன்று சந்தித்து ஓய்ந்து நிற்கும் இடம். நீர் ஓயும்போது அதில் மிதக்கும் சேறு கீழே இறங்கிவிடுகிறது. ஜார்ஜியாவின் லிட்டில் மட் ஆறு, ஜெகில் கழி போன்றவை பேர்பெற்றவை. மைல் 602இல் உள்ள ஹெல் கேட் என்னும் குறுகிய வெட்டையும் அஞ்சத்தக்க இடங்களோடு சேர்க்கிறார்கள்.

இவற்றைக் கடக்கும் வழி ஒன்றே. வற்றம் முடிந்து ஏற்றம் பாதி ஏறியிருக்கும் நேரத்தில் அங்கே இருக்க வேண்டும். அப்போது அடியில் போதிய நீரும் இருக்கும். தவறித் தரைதட்டினாலும் ஏறிவரும் நீர் படகைத் தூக்கிவிடும். உச்ச ஏற்றத்தில் கடப்பது மேலும் நல்லது என்று தோன்றும், ஆனால் அப்போது தரைதட்டினால் நீர் இறங்கத் தொடங்கிவிடும், அடுத்த பன்னிரண்டு மணி நேரத்துக்குப் படகு சாய்ந்து கிடக்கும். பௌர்ணமி, அமாவாசை நாட்களில் வற்றம் கூடுதலாக வற்றும் என்பதைக் கரையோர மக்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஆகவே ஜார்ஜியாவில் நாளின் தொடக்க நேரத்தைச் சூரியன் தீர்மானிப்பதில்லை. ஆழம் குறைந்த இடத்தில் பாதி ஏற்றம் எத்தனை மணிக்கு என்று பார்த்து, அதிலிருந்து பின்னோக்கி எண்ணிக் கிளம்ப வேண்டும். சில நாட்களில் காலை பத்து மணிக்கே கிளம்ப நேரிடும். அதைச் சோம்பல் என்று நினைத்து முன்னதாகக் கிளம்புகிறவர்கள்தான் சேற்றில் உட்கார்ந்து மற்றவர்களுக்குக் கையசைக்கிறார்கள்.

வடக்கிலிருந்து தெற்காக

நார்ஃபோக்கைத் தாண்டியதும் வழி இரண்டாகப் பிரிகிறது. 1859இல் திறக்கப்பட்ட ஆல்பமார்ல் அண்ட் செசபீக் கால்வாய் வழியில் கிரேட் பிரிட்ஜ் என்னும் ஒரே லாக் (நீர்மட்டத்தை ஏற்றி இறக்கிப் படகைக் கடத்தும் கதவுத் தொட்டி) உண்டு; அதற்குள் இரண்டு மூன்று அடியே ஏறி இறங்க வேண்டியிருப்பதால் புதியவர்களுக்கு நல்ல பயிற்சி. 1805இல் திறக்கப்பட்ட டிஸ்மல் ஸ்வாம்ப் கால்வாய், அடிமைப்படுத்தப்பட்ட மனிதர்களின் கைகளால் வெட்டப்பட்டது. இரு லாக்குகளுக்கு நடுவே நேர்கோடாக ஓடும் அதில் ஆழம் ஆறு அடி மட்டுமே. நீருக்குள் கிடக்கும் மரக்கட்டைகள் புரொப்பெல்லரை இடிக்கும், பாசி இன்ஜினின் நீர் வடிகட்டியை அடைக்கும். ஆனாலும் அழகில் அதற்கு இணை இல்லை. இலைச்சாறு கலந்து தேநீர் நிறத்தில் ஓடும் இந்த நீர் படகின் முகப்பில் பழுப்பு மீசை ஒன்றை வரைந்துவிடும். எலுமிச்சைச் சாறு தேய்த்தால் போகும். லாக் திறந்திருக்கிறதா என்று முன்கூட்டியே விசாரித்துவிட்டு இந்த வழியைத் தேர்வு செய்ய வேண்டும்.

ஆல்பமார்ல் காயல் அகன்றது, ஆழமற்றது. மணிக்கு 20 கடல் மைல் வேகக் காற்றிலேயே குட்டையான, செங்குத்தான அலைகள் எழும்பும். முந்தின நாள் காயிஞ்சாக் ஊரிலோ அதன் தெற்கே நார்த் ஆற்றிலோ தங்கி, காற்று தணிந்த காலையில் கடக்க வேண்டும். அதன் தென்புறம் உள்ள அலிகேட்டர் ஆற்றுச் சுழல் பாலமும் பலத்த காற்றில் திறக்கப்படுவதில்லை. பாம்லிகோ, நியூஸ் ஆறுகளும் இதே குணம் கொண்டவை. ஹேட்டரஸ் முனைக்கு வெளியே உள்ள கடலின் சீற்றத்தை எண்ணிப் பார்த்தால் இந்தக் காயல்கள் எவ்வளவோ மேல். 1942இல் ஜெர்மன் நீர்மூழ்கிகள் அந்த முனையை ஒட்டிச் சரக்குக் கப்பல்களை மூழ்கடித்தபோது இந்த உள்வழியின் அருமை நன்றாகவே உணரப்பட்டது.

வட கரோலினாவின் காம்ப் லெஜூன் கடற்படை வீரர் முகாமில் துப்பாக்கிச் சுடும் பயிற்சி நடக்கும் நாட்களில் நீர்வழியையே மூடிவிடுவார்கள். எச்சரிக்கை விளக்கு எரிந்தால் காத்திருப்பதைத் தவிர வழியில்லை. தென் கரோலினாவில் மர்ட்டில் பீச்சை ஒட்டி, மைல் 350 சுற்றி, பாறைக் குவியல் என்று படகோட்டிகள் அழைக்கும் வெட்டு உள்ளது. 1936இல் முடிந்த இந்தப் பகுதி பாறையைக் குடைந்து எடுத்தது. இரு ஓரங்களிலும் நீருக்கு அடியில் பாறை விளிம்புகள் நிற்கின்றன, ஏற்றத்தில் அவை கண்ணுக்குத் தெரியா. இங்கே நடுவை விட்டு நகரக் கூடாது. எதிரே இழுவைப் படகும் பார்ஜ் என்னும் சரக்குத் தட்டைப்படகும் வந்தால் ஒதுங்க இடமில்லை என்பதால், நுழையும் முன் வானொலியில் அறிவித்து, எதிரே யாரும் வருகிறார்களா என்று கேட்க வேண்டும். இதைக் கடந்தால் வக்கமா ஆறு. சைப்ரஸ் மரங்களுக்கு நடுவே ஆழமாக ஓடும் அது, நீர்வழி முழுவதிலும் மிக அமைதியான பகுதி.

ஜார்ஜியாவின் தென்கோடியில் செயின்ட் ஆண்ட்ரூ கழிமுகத்தில் தடம் ஏறத்தாழ கடலையே தொட்டுத் திரும்புகிறது. கிழக்குக் காற்றும் இறங்கு நீரோட்டமும் மோதும் நேரத்தில் அங்கே போக வேண்டாம்.

நங்கூரமிடுதல்

நல்ல இடத்துக்கு மூன்று தகுதிகள் வேண்டும்: தடத்துக்கு வெளியே இருக்க வேண்டும், இரவில் வீசப்போகும் காற்றுக்கு மறைவாக இருக்க வேண்டும், படகு சுற்றிவர இடம் இருக்க வேண்டும். அடித்தளம் பெரும்பாலும் சேறு. நங்கூரம் நன்றாகப் பிடிக்கும், மறுநாள் காலையில் சங்கிலியைக் கழுவத்தான் நேரம் பிடிக்கும்.

புதியவர்கள் தவறுவது சங்கிலியின் நீளத்தில். ஜார்ஜியாவில் ஒரு கழியில் மாலை வற்றத்தின்போது ஆழமானி பத்து அடி காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். நள்ளிரவில் அங்கே எட்டு அடி நீர் ஏறும். படகின் முகப்பு நீருக்கு மேல் நான்கு அடி உயரத்தில் உள்ளது. ஆகவே கணக்கிட வேண்டியது பத்து அடியை அல்ல, 22 அடியை. ஐந்து மடங்கு என்றால் 110 அடி, காற்று பலமாக இருந்து ஏழு மடங்கு என்றால் 154 அடி விட வேண்டும். ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை நீரோட்டம் திரும்புவதால் படகு முழு வட்டம் அடிக்கும். அந்த வட்டத்துக்குள் திட்டோ கரையோ வேறு படகோ வரக் கூடாது. இறக்கிய பிறகு இன்ஜினைப் பின்னோக்கி மெல்ல இயக்கி நங்கூரம் பிடித்துவிட்டதா என்று சோதித்து, பொழுது சாய்வதற்குள் நங்கூர விளக்கை ஏற்றிவிட வேண்டும்.

பழகிய சில இடங்கள்: நார்ஃபோக்கின் எதிர்க்கரையில் ஹாஸ்பிடல் பாயிண்ட், காம்ப் லெஜூனுக்குள்ளேயே உள்ள மைல் ஹாமக் விரிகுடா (இங்கே கரையில் இறங்க அனுமதியில்லை), வக்கமாவின் கிளைக் கழிகள், ஜார்ஜியாவின் வால்பர்க் கழி, மைல் 711இல் கம்பர்லாந்து தீவு. தேசியக் கடற்கரைப் பாதுகாப்புப் பகுதியான கம்பர்லாந்தில் காட்டுக் குதிரைகள் சிதைந்த மாளிகை ஒன்றைச் சுற்றி மேய்ந்துகொண்டிருக்கும். ஒரு நாள் தாமதித்துத் தங்குவதற்கு இந்த வழியில் ஓரிடத்தைச் சொல் என்றால் இதையே சொல்வேன். கரோலினாக்களின் நன்னீர்க் கழிகளில் முதலைகள் உண்டு, நாயை நீரில் இறக்க வேண்டாம்.

மரினாக்களில் தங்குதல்

மரினா என்னும் படகுத் துறைகளில் கட்டணம் படகின் நீளத்தை அடிக்கணக்கில் பெருக்கி ஓர் இரவுக்கு வாங்கப்படும். மின்சாரத்துக்குத் தனியே கேட்பதும் உண்டு. முந்தின நாளே அழைத்து இடம் ஒதுக்கிக்கொள்ளும்போது மூன்று கேள்விகளைக் கேட்க வேண்டும்: வற்றத்தில் துறையை ஒட்டி எத்தனை அடி நீர் நிற்கும், துறை மிதப்பதா நிலையானதா, நீரோட்டம் துறைக்கு இணையாக ஓடுகிறதா குறுக்காகவா. நிலையான துறையில் கயிற்றை இறுக்கிக் கட்டினால் வற்றத்தில் படகு தொங்கும். புளோரிடாவின் செயின்ட் அகஸ்டினில் நகராட்சி மரினாவை ஒட்டி நீரோட்டம் கடுமையாக ஓடுவதால், ஏற்றமும் வற்றமும் மாறும் ஓய்வு நேரத்தில் நுழைவதே சிறந்தது. அங்கே படகைக் கட்டி நிறுத்த நகராட்சி அமைத்த கட்டுமிதவைகளும் உண்டு. வீரோ பீச்சில் ஒரே கட்டுமிதவையில் மூன்று படகுகள் வரை பக்கவாட்டில் கட்டப்படும், அயலாரோடு பேசத் தயாராகச் செல்ல வேண்டும். வட கரோலினாவின் எலிசபெத் சிட்டியிலும் ஓரியண்டலிலும் நகரங்களே இலவசத் துறைகளை வைத்திருக்கின்றன.

மரினாவுக்குள் நீந்தக் கூடாது. கரை மின்சாரம் ஏதோ ஒரு படகிலிருந்து கசிந்தாலும் நீரில் இருப்பவரின் தசைகள் செயலிழந்து மூழ்க நேரிடும். கழிவறைத் தொட்டியை நீர்வழியில் திறந்துவிடுவது குற்றம். கழிவை உறிஞ்சி எடுக்கும் வசதியுள்ள மரினாக்களைக் குறித்துவைத்துக்கொள்ள வேண்டும்.

தரைதட்டினால்

முதலில் இன்ஜினை நடுநிலைக்குக் கொண்டுவந்து, படகுக்குள் நீர் புகுகிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு ஓதம் ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். ஏறுகிறதென்றால் ஆழமான பக்கம் ஒரு நங்கூரத்தைச் சிறு படகில் கொண்டுபோய் இறக்கி, தேநீர் போட்டுக் குடிக்கலாம். இறங்குகிறதென்றால் வந்த வழியே பின்னோக்கி மெல்ல முயல வேண்டும். முழு வேகத்தில் உறுமவிட்டால் சேறு உறிஞ்சப்பட்டு இன்ஜினின் குளிர்விப்பு அடைபடும். முகப்பைப் பக்கவாட்டில் திருப்புவதும், ஆட்களை ஒரே ஓரத்தில் உட்காரவைத்துப் படகைச் சாய்ப்பதும் சில சமயம் விடுவிக்கும். இவை பலிக்காவிட்டால் டோபோட் யூ.எஸ். அல்லது சீ டோ என்னும் இழுவை நிறுவனங்களில் ஒன்றை அழைக்க வேண்டும். கிளம்பும் முன்பே ஆண்டு உறுப்பினராகிவிடுவது செலவைப் பெரிதும் குறைக்கும். அவர்கள் தரும் இழுவைக் கயிற்றைக் கையில் பெறும் முன், இது சாதாரண இழுவையா, காப்பாற்றிய பொருளின் மதிப்பில் பங்கு கேட்கும் மீட்பு வேலையா என்று கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும்.

புளோரிடாவின் கடைசிப் பகுதி

இங்கே ஆழத்தைவிட வேகக் கட்டுப்பாடே தலைவலி. கடற்பசுக்கள் நடமாடும் பகுதிகளில் வேக எல்லைகளைக் காட்டும் பலகைகள் நெடுக நிற்கும். பல இடங்களில் குளிர்காலத்துக்கு மட்டும் தனி எல்லை உண்டு. மீறினால் அபராதம் விதிப்பார்கள், அந்தப் பிராணிகளின் முதுகில் உள்ள புரொப்பெல்லர் தழும்புகளைப் பார்த்தவர்கள் அதை அநியாயம் என்று சொல்ல மாட்டார்கள். மைல் 869 அருகே உள்ள ஹாலோவர் கால்வாயில் அவற்றை அருகிலிருந்து பார்க்கலாம்.

பாம் பீச்சுக்குத் தெற்கே தூக்குப் பாலங்கள் வரிசையாக வருகின்றன; ஒன்றைத் தவறவிட்டால் அடுத்தடுத்தவையும் தவறும். வார இறுதியில் இருபுறமும் காங்கிரீட் சுவர்களில் மோதித் திரும்பும் அலைகளால் சிறு படகுகள் தத்தளிக்கும், ஆகவே இந்தப் பகுதியைத் திங்கள் முதல் வியாழனுக்குள் முடித்துவிடுவது நல்லது. காற்று அமைதியான நாளாக இருந்தால் லேக் வொர்த் முகத்துவாரத்தில் வெளிக்கடலுக்கு இறங்கி, ஃபோர்ட் லாடர்டேலில் போர்ட் எவர்கிளேட்ஸ் வழியாக உள்ளே வருவது பல பாலங்களை மிச்சப்படுத்தும். கல்ஃப் ஸ்ட்ரீம் என்னும் வடக்கு நோக்கிய பெருநீரோட்டம் இங்கே கரைக்கு மிக அருகே ஓடுவதால், கரையை ஒட்டியே செல்ல வேண்டும். வடக்குக் காற்று அந்த நீரோட்டத்தோடு மோதும் நாளில் வெளியே தலைகாட்டக் கூடாது.

பாய்மரம் 56 அடியைத் தாண்டுகிற படகுகள் ஜூலியா டட்டில் பாலத்தின் அடியில் செல்ல முடியாததால், போர்ட் எவர்கிளேட்ஸிலேயே வெளிக்கடலுக்கு இறங்கி, மயாமியின் கவர்ன்மெண்ட் கட் வழியாக மீண்டும் உள்ளே நுழைய வேண்டும். மயாமி பீச்சை ஒட்டிய சில நீர்ப்பகுதிகளில் இரவில் நங்கூரமிட 2016 முதல் சட்டத்தடை உள்ளது; எந்தப் பகுதிகள் என்பதை மாநில மீன்வள, வனவிலங்கு ஆணையத்தின் வரைபடத்தில் பார்த்துவிட்டு, பகலிலேயே இடம் பிடித்துக்கொள்ள வேண்டும்.